கல்லுக்காலும் செயின்லிங்க் வலையும்: பழைய வேலியை எப்போது பிரிக்கலாம், புதியதில் எதைப் பார்த்து வாங்கலாம்

வேலி போட்டுப் பத்து வருஷம் ஆனால் வீட்டுக்காரர் கண்ணில் முதலில் படுவது வலையின் நிறம்தான். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கும், அங்கங்கே செம்பழுப்பு தட்டியிருக்கும். உடனே மொத்தத்தையும் பிரித்துப் போட்டுவிடலாமா என்ற யோசனை வந்துவிடும். வேலி போடுகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினால் அவரும் "எல்லாம் போச்சு சார், புதுசாப் போட்டுக்கலாம்" என்றுதான் பெரும்பாலும் சொல்வார். அவருக்கு மொத்த வேலை கிடைப்பதுதான் லாபம். நிறத்தை வைத்து முடிவெடுத்தால் பாதிப் பேருக்குப் பணம் வீண், மீதிப் பேருக்கு முடிவு தாமதம்.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டு வீட்டு மனைகளில் அதிகம் பார்க்கிற வேலி: எட்டடிக்கு ஒன்றாக நட்ட 7 அடிக் கல்லுக்கால், மேல், நடு, கீழ் என மூன்று வரிசை லைன் கம்பி (காலுக்குக் கால் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய கம்பி), அதில் கட்டிய 5 அடி உயர ஜி.ஐ. (ஜிங்க், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு) செயின்லிங்க் வலை (நெளித்த கம்பிகளை ஒன்றோடொன்று கோத்துப் பின்னியது), 12 கேஜ் (கம்பித் தடிப்பின் எண்; எண் கூடினால் கம்பி மெல்லியது), 2 இன்ச் கண். சில இடங்களில் கல்லுக்குப் பதில் சிமெண்ட் கால் அல்லது இரும்பு ஆங்கிள் இருக்கும். சரக்கைப் பற்றிய எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கல்லுக்கால் நல்ல பொருள், இரண்டு மூன்று வலைகளின் காலத்தைத் தாண்டி நிற்கும். வலையின் தரம் கடைக்குக் கடை மாறும், கேஜை மட்டும் கேட்டு வாங்கினால் ஏமாற வாய்ப்பு அதிகம். இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற கட்டுக்கம்பிதான் இதில் மிக மட்டமான பகுதி. வேலி தளர்ந்ததற்குக் காரணம் தேடினால் பல சமயம் அங்கேதான் போய் நிற்கும்.

கட்டுக்கம்பியிலிருந்தே தொடங்குவோம். காலுக்கும் லைன் கம்பிக்கும், லைன் கம்பிக்கும் வலைக்கும் நடுவே முறுக்கி விட்டிருக்கும் சின்ன முடிச்சை உட்கார்ந்து கிட்டத்தில் பாருங்கள். லைன் கம்பி இன்னும் சாம்பல் நிறத்தில் உறுதியாக இருக்கும், வலையும் நன்றாக இருக்கும், முடிச்சு மட்டும் காய்ந்த புளியங்கொட்டைத் தோல் மாதிரி கருஞ்சிவப்பாகி, நகத்தால் நிமிண்டினால் செதில் செதிலாக உதிரும். காரணம் எளிது. ரூஃப் கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டுகிற கறுப்புக் கட்டுக்கம்பியையே வேலிக்கும் போட்டிருக்கிறார்கள். அதற்கு ஜிங்க் பூச்சே கிடையாது. கான்கிரீட்டுக்குள் மூடிப்போகிற வேலைக்கு அது போதும். மழையும் பனியும் படுகிற இடத்தில் ஓரிரு மழைக்காலத்திலேயே போய்விடும். முடிச்சு விட்டதும் வலை கீழே சரியும், நடுவில் தொப்பை போடும், வீட்டுக்காரர் வலையே கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். 14 அல்லது 16 கேஜ் ஜி.ஐ. கம்பி சில கிலோ வாங்கி, ஒன்றரை அடிக்கு ஒரு முடிச்சு வீதம் மறுபடி கட்டினால் அந்த வேலி நிமிர்ந்துவிடும். ஒருவர் வலையைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் கட்டிங் பிளேயரால் முறுக்கினால், ஒரு கிரவுண்ட் மனைக்கு இரண்டு நாள் வேலை. இதைச் செய்து பார்க்காமல் வேலியை மாற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அடுத்தது கால். கால் எதனால் ஆனது என்பதைப் பொறுத்துச் சோதிக்கும் விதம் மாறும்.

கல்லுக்காலுக்குத் துருவும் இல்லை, கரையானும் இல்லை. அது போவது இரண்டே வழிகளில். ஒன்று, வண்டி இடித்தோ, கம்பி கோக்கத் துளை போட்ட இடத்தில் முன்பே இருந்த விரிசல் பெரிதாகியோ உடையும். இரண்டு, நட்ட குழி சரியில்லாமல் சாயும். சின்னச் சுத்தியலால் தலையிலிருந்து அடிவரை தட்டிக்கொண்டே வாருங்கள். முழுக் கல் "டங்" என்று மணிபோலச் சொல்லும். உள்விரிசல் இருந்தால் "டப்" என்று அடங்கிய சத்தம் வரும். அப்படிப்பட்ட கல்லை மட்டும் மாற்றினால் போதும். சாய்ந்த கல்லைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பிடுங்கி, குழியை ஆழமாக்கி, அதே கல்லை நடலாம். பழைய வேலியில் நாற்பது வருஷக் கல்லைக்கூடப் புதிய வேலிக்கு எடுத்துக்கொள்ளலாம், எந்தக் குறையும் வராது.

சிமெண்ட் கால் அப்படியல்ல. நாலு இன்ச் சதுரக் காலுக்குள் நாலு மெல்லிய கம்பி ஓடும். அச்சில் வார்க்கும்போது அந்தக் கம்பி ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டால், அதை மூடியிருக்கும் சிமெண்டின் தடிப்பு கால்வாசி இன்ச்கூட இருக்காது. ஈரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் காலின் மூலையையொட்டி நெடுக்காக ஒரு கோடு விழும். கோடு முடிபோல மெல்லியதாக இருக்கும்வரை பொறுக்கலாம். ஒரு நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவு பிளந்துவிட்டாலோ, மூலை பெயர்ந்து கம்பி தெரிந்தாலோ அந்தக் காலுக்கு வைத்தியம் இல்லை. மேலே சிமெண்ட் பூசி மறைப்பார்கள். உள்ளே துரு நிற்காது, அடுத்த மழையில் பூச்சோடு சேர்ந்து பெயரும்.

இரும்பு ஆங்கிள் கால் எப்போதும் மண்மட்டத்தில்தான் போகும். மேலே பெயிண்ட் புதிதாக இருக்கும், ஒரு அடி தோண்டிப் பார்த்தால் கீழே பிஸ்கட்டாக இருக்கும். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது மண்ணின் மேல் ஆறு இன்ச்சில்தான், அதனால் துரு அங்கேதான் வேலை செய்யும். காலைச் சுற்றி ஆறு இன்ச் ஆழத்துக்கு மண்ணைக் கிளறி, ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்துங்கள். செதில் பெயர்ந்து விழுந்தால் சுரண்டி எடுத்துவிட்டு மிஞ்சிய தடிப்பை அளங்கள். 5 மி.மீ. ஆங்கிள் 3 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். காலை ஊன்றிய கான்கிரீட் மண்மட்டத்துக்குக் கீழே நின்றுவிட்டிருந்தால் இந்தக் கெடுதி இன்னும் சீக்கிரம் வரும், ஏனென்றால் காலடியில் தண்ணீர் குளமாகத் தேங்கும். கான்கிரீட் மண்ணுக்கு மேலே இரண்டு இன்ச் எழும்பி, தண்ணீர் வெளியே வழிகிற மாதிரி சரிவாக இருக்க வேண்டும்.

சாய்வை அளக்கத் தூக்குக்குண்டு போதும். காலின் தலையிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, அடியில் நூலுக்கும் காலுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஐந்தடி உயரத்தில் இரண்டு இன்ச் வரை விலகல் இருந்தால் விட்டுவிடலாம். நாலு இன்ச் தாண்டினால் மறுபடி நட வேண்டும். மூலைக்கால் எல்லாவற்றுக்கும் முதலில் சாயும். இரண்டு பக்கக் கம்பியும் அதை உள்நோக்கி இழுக்கின்றன. முட்டுக்கால் இல்லாவிட்டால் அது வளைந்து கொடுத்தே ஆக வேண்டும். மூலை சாய்ந்ததால் தளர்ந்த வேலியில் நடுக்கால்களைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. மூலையை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் முட்டுக்கால் கொடுத்து, லைன் கம்பியை டர்ன்பக்கிள் (திருகிக் கம்பியை இறுக்கும் கருவி) போட்டு இழுத்தால் முடிந்தது. கரிசல் மண்ணில் மட்டும் கதை வேறு. மழையில் ஊதி வெயிலில் சுருங்கும் அந்த மண் வருஷா வருஷம் காலை ஆட்டும். இரண்டரை அடிக்குக் குறைந்த குழி அங்கே நிற்காது.

இனி வலை. இங்கேதான் நிறம் ஏமாற்றும்.

புது ஜி.ஐ. கம்பி வெள்ளியாக மின்னும். சில மாதத்தில் மங்கிச் சாம்பலாகும். இது கெடுதல் இல்லை. ஜிங்க் காற்றோடு சேர்ந்து தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் போர்வை, இதுதான் கம்பியைக் காப்பாற்றுகிறது. புது ரோலிலேயே சுண்ணாம்பு தூவினாற்போல் வெள்ளைப் பொடி இருந்தால், கடையில் ஈரத்தோடு அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காற்று புகாத இடத்தில் ஜிங்க் தேவையில்லாமல் கரைந்திருக்கிறது. தூரிகையால் தேய்த்தால் போகும் அளவு என்றால் பரவாயில்லை, கம்பி சொரசொரப்பாகிவிட்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள். அதற்குப் பிறகு வருவது பழுப்பு. முதலில் வலையின் தலையிலும் அடியிலும் மடக்கிவிட்ட கொக்கி முனைகளில் தோன்றும், ஏனென்றால் வெட்டிய நுனியில் பூச்சு கிடையாது, வளைத்த இடத்தில் பூச்சு வெடித்திருக்கும். இந்தப் பழுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கண்களின் நடுப்பகுதியிலும், ஒரு கம்பி இன்னொன்றோடு உரசுகிற முடிச்சுகளிலும் பழுப்பு பரவி, ஈரத் துணியால் துடைத்தால் துணி சிவக்கிறது என்றால் அங்கே ஜிங்க் தீர்ந்துவிட்டது, இரும்பு கரையத் தொடங்கிவிட்டது.

அப்போதும் உடனே மாற்ற வேண்டியதில்லை. ஒரு வெர்னியர் எடுத்து, துருவைச் சுரண்டிவிட்டு, ஐந்தாறு இடங்களில் கம்பியின் தடிப்பை அளங்கள். 12 கேஜ் என்றால் புதிதில் 2.64 மி.மீ. கம்பியின் பலம் தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2.3 மி.மீ.க்கு வந்தால் கால் பங்கு பலம் போயிருக்கிறது. வலை இன்னும் சில வருஷம் நிற்கும். 2 மி.மீ.க்கு வந்துவிட்டால் நாற்பது சதவீதத்துக்கு மேல் போயிற்று. பார்வைக்கு வேலி, மாடு சாய்ந்தால் கிழியும். கூடவே ஒரு முறுக்குச் சோதனை: அடிப்பக்கம் ஒரு கொக்கி முனையைப் பிளேயரால் நிமிர்த்தி, மறுபடி மடக்குங்கள். நல்ல கம்பி இரண்டு மூன்று தடவை தாங்கும். முதல் தடவையிலேயே படக்கென்று ஒடிந்தால் அந்தப் பகுதியின் காலம் முடிந்தது.

பெரும்பாலான வேலிகளில் மேல் நாலடி நன்றாக இருக்கும், கீழ் ஒரு அடி மட்டும் போயிருக்கும். மண் ஏறி வலையின் அடி புதைந்திருப்பது, சருகும் குப்பையும் ஒதுங்கி ஈரம் காயாமல் இருப்பது, நாய்கள் ஒரே இடத்தில் சிறுநீர் கழிப்பது, செடிக்குப் போடும் யூரியா, உப்புத்தண்ணீர் போர்வெல்லிலிருந்து அடிக்கும் ஸ்பிரிங்ளர் என்று காரணங்கள் பல. செயின்லிங்க்கில் கீழ்ப்பகுதியை மட்டும் வெட்டி மாற்ற முடியாது; ஒவ்வொரு கம்பியும் தலையிலிருந்து அடிவரை வளைந்து வளைந்து ஓடுகிறது. ஆனால் இரண்டடி அகல ஜி.ஐ. வெல்ட்மெஷ் (குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி வைத்து வெல்டு அடித்த வலை) பட்டையை அடியில் உட்பக்கமாக வைத்துக் கட்டினால், மேல் வலையின் மீதி ஆயுசு முழுவதையும் பயன்படுத்தலாம். மண்ணைச் சுரண்டி அடியில் இரண்டு இன்ச் இடைவெளி விட மறக்க வேண்டாம். நாயும் பெருச்சாளியும் நுழையும் என்று பயந்தால் அந்த இடைவெளிக்குக் கீழே ஹாலோபிளாக் ஒரு வரிசை ஓட்டலாம். வலையின் அடியைக் கான்கிரீட்டுக்குள் புதைத்து வைப்பதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பல கொத்தனார்கள் உறுதிக்காக என்று இதைச் செய்கிறார்கள். கம்பி கான்கிரீட்டை விட்டு வெளியே வரும் இடத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும். பிறகு வலையை மாற்ற நினைத்தால் கான்கிரீட்டை உடைக்க வேண்டிவரும்.

பத்தடி, இருபதடி மட்டும் கிழிந்த வேலியைப் பற்றி ஒரு வார்த்தை. செயின்லிங்க்கின் அருமையான குணம், அதைத் தையல் போலப் பிரித்துச் சேர்க்கலாம். கிழிந்த பகுதியின் ஓரத்தில் ஒரே ஒரு கம்பியின் மேல், கீழ்க் கொக்கிகளை நிமிர்த்தி, அந்தக் கம்பியைத் திருகு ஆணி போலச் சுழற்றிக்கொண்டே மேலே இழுத்தால் முழுசாகக் கழன்று வரும். வலை அந்த இடத்தில் இரண்டாகப் பிரியும். புது வலைத் துண்டைப் பக்கத்தில் வைத்து, அதே கம்பியை மேலிருந்து சுழற்றி இரண்டு ஓரத்தின் கண்களிலும் மாற்றி மாற்றிக் கோத்தால் இணைந்துவிடும். கண் அளவும் கேஜும் பழைய வலையோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. வெல்ட்மெஷ்ஷில் இந்த வசதி கிடையாது.

மொத்தமாகப் பிரிக்கலாமா என்ற முடிவுக்கு எங்கள் கணக்கு இது. ஒரு கிரவுண்ட் மனைக்குச் சுமார் 25 கால் வரும். அதில் ஐந்தாறு கெட்டிருந்தால் அவற்றை மட்டும் மாற்றுங்கள். எட்டு, ஒன்பதைத் தாண்டினால், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால், வலையைக் கழற்றி எல்லாக் காலையும் ஒரே தடவை சரிசெய்வதுதான் கூலிக்குக் கட்டுப்படியாகும். வலை 2 மி.மீ.க்கு இறங்கிவிட்டது, கால்கள் கல் என்றால், வலையும் லைன் கம்பியும் மட்டும் புதிது. காலைத் தொட வேண்டாம். வலை நன்றாக இருந்து சிமெண்ட் கால்கள் பிளந்திருந்தால், வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, கல்லுக்கால் நட்டு, அதே வலையைக் கட்டலாம்.

மாற்ற வேண்டும் என்று முடிவானால், கடையில் என்ன கேட்பது?

எல்லோரும் கேஜைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது ஜிங்க் எவ்வளவு என்று. ஒரு சதுர மீட்டர் கம்பிப் பரப்பில் எத்தனை கிராம் ஜிங்க் என்பதைத்தான் ஜி.எஸ்.எம். என்று சொல்கிறார்கள். 7 கிராமுக்குச் சற்று அதிகமான ஜிங்க், 1 மைக்ரான் தடிப்பு. அப்படிப் பார்த்தால் 60 ஜி.எஸ்.எம். என்பது எட்டரை மைக்ரானுக்கும் குறைவு, 120 என்பது 17 மைக்ரான். இப்போது இதை ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேசத் தரக்குறிப்பு சொல்லும் கரையும் வேகத்தோடு வைத்துப் பாருங்கள். நடுத்தர அரிப்புள்ள இடத்தில் வருஷத்துக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் ஜிங்க் போகும். மிகக் கடுமையான உப்புக்காற்று அடிக்கும் கடலோரத்தில் 4.2 முதல் 8.4 மைக்ரான். ஆகவே 60 ஜி.எஸ்.எம். வலை உள்நாட்டில் நாலிலிருந்து பன்னிரண்டு வருஷம் துருவைத் தள்ளிப்போடும். அதே வலை கடற்கரையை ஒட்டிய மனையில் ஒன்றிரண்டு வருஷத்தில் பழுப்பாகிவிடும். ஒரே கடை, ஒரே ரோல், ஒரே கேஜ். மனை இருக்கும் இடம்தான் வித்தியாசம். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கத்திலும் கடலை ஒட்டி இருப்பவர்கள் மற்ற ஊர்க்காரர்களின் அனுபவத்தை வைத்து வாங்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

வலைக்கு ஐ.எஸ். 2721, கம்பியின் ஜிங்க் பூச்சுக்கு ஐ.எஸ். 4826 என்று இந்தியத் தரக்குறிப்புகள் உண்டு. வலை பின்னும் பட்டறையில் கம்பிக் காயிலோடு வரும் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்; கேஜும் பூச்சும் அதில் இருக்கும். சீட்டு இல்லை, "நல்ல கம்பிதான் சார்" என்ற வாய்வார்த்தைதான் உண்டு என்றால் வேறு இடம் பாருங்கள்.

விலையைச் சதுர அடிக்குப் பேசாமல் கிலோவுக்குப் பேசுங்கள். எடை பொய் சொல்லாது. 5 அடி உயரம், 50 அடி நீளம், 2 இன்ச் கண், உண்மையான 12 கேஜ் என்றால் ஒரு ரோல் 40 கிலோ அளவில் இருக்க வேண்டும். 30 கிலோவை ஒட்டி நின்றால் கம்பி 13 கேஜ், அல்லது கண்ணைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். 10 கேஜ், அதாவது 3.25 மி.மீ., என்றால் அதே ரோல் 60 கிலோ வரும். வீட்டு மனைக்கு 12 போதும். தெருவில் மாடு அதிகம், பக்கத்தில் வண்டி திரும்பும் இடம் என்றால் 10 எடுங்கள். 14 கேஜ் 2 மி.மீ.தான், நாம் கழற்றிப் போடச் சொல்கிற பழைய வலையின் தடிப்பு அது புதிதிலேயே. அதை வாங்க வேண்டாம்.

பச்சை பி.வி.சி. பூசிய வலை இப்போது நிறைய விற்கிறது. நல்லது நல்லதுதான், ஆனால் இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். 12 கேஜ் என்று சொல்வது பிளாஸ்டிக்கோடு சேர்த்தா, உள்கம்பியா என்று கேட்டு, நுனியில் பிளாஸ்டிக்கைச் சீவிவிட்டு வெர்னியர் வையுங்கள். வெளியே 12, உள்ளே 14 என்பது சாதாரணமாக நடக்கிறது. அடுத்து, சீவிய இடத்தில் பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள். சைக்கிள் ஒயர் மேலுறை மாதிரி உருவிக்கொண்டு வந்தால் அது கம்பியோடு ஒட்டவில்லை. வெட்டிய நுனி வழியாகத் தண்ணீர் ஏறி உள்ளே தங்கும், வெளியே பச்சை மாறாமல் இருக்க உள்ளே கம்பி கரையும். பழைய பி.வி.சி. வலையைச் சோதிக்கும்போதும் இதை மனதில் வையுங்கள்: நிறத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது, பூச்சில் கொப்புளம் போல் உப்பியிருக்கிறதா, வெயிலில் வெடித்திருக்கிறதா என்று தடவித்தான் பார்க்க வேண்டும். கடலோரத்துக்கு எங்கள் சிபாரிசு, கனமான ஜிங்க் பூச்சின் மேல் ஒட்டிப்பிடித்த பி.வி.சி. வலை, கல்லுக்கால், கட்டுக்கம்பியும் பி.வி.சி. பூசியது.

வெல்ட்மெஷ் பார்க்க அழகு, விறைப்பாக நிற்கும். வெல்டு அடித்த பிறகு ஜிங்க்கில் முக்கி எடுத்ததா, ஜிங்க் கம்பியை வெல்டு அடித்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டாவது வகையில் ஒவ்வொரு வெல்டுப் புள்ளியிலும் பூச்சு எரிந்துபோயிருக்கும். சிமெண்ட் ஸ்லாப் காம்பவுண்டு மறைப்பு வேண்டுபவர்களுக்கு ஏற்றது, ஆனால் சிமெண்ட் காலுக்குச் சொன்ன நோய் எல்லாம் அதற்கும் உண்டு. கொங்கு நாட்டில் காலங்காலமாக இருக்கும் கிளுவை வேலியை (முள்செடியை நட்டு வளர்க்கும் உயிர்வேலி) இந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட மனம் வரவில்லை. மழை தொடங்கும்போது கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைகளை) பழைய கம்பிவேலியை ஒட்டி ஓரடிக்கு ஒன்றாக நட்டுவிட்டால், கம்பி தன் கடைசி வருஷங்களில் கிளுவைக்குத் துணையாக நிற்கும். கம்பி விழும்போது கிளுவை வேலியாக நிலைத்துவிடும். வருஷம் ஒரு தடவை கவாத்து செய்ய ஆள் வேண்டும், அது ஒன்றுதான் செலவு.

வலையின் மேல் பச்சை நிழல்வலை கட்டி மறைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2 இன்ச் கண் வலையில் கம்பி மறைக்கும் பரப்பு பத்தில் ஒரு பங்குதான், காற்று புகுந்து போய்விடும். நிழல்வலையோ அடர்ந்த கொடியோ மூடினால் வேலி கப்பல் பாய் போலாகிவிடும். மணிக்கு 108 கி.மீ. வேகக் காற்று, மூடிய பரப்பின் மேல் சதுர மீட்டருக்கு 55 கிலோ அளவுக்குத் தள்ளும். எட்டடி இடைவெளி, ஐந்தடி உயரம் என்றால் ஒவ்வொரு காலும் 200 கிலோ தள்ளலைத் தாங்க வேண்டும். ஒன்றரை அடி புதைத்த கால் தாங்காது. ஐப்பசிக்கு முன் கொடியை வெட்டிவிடுங்கள், புயல் அறிவிப்பு வந்தால் நிழல்வலையை அவிழ்த்துவிடுங்கள்.

ஒரு கிரவுண்டுக்கான அளவு: 40-க்கு 60 மனையில் சுற்றளவு 200 அடி, கேட் 10 அடி போக 190. கால் 25, மூலைக்கு இரண்டும் கேட்டின் இரு பக்கமும் ஒவ்வொன்றுமாக முட்டுக்கால் 10. 12 கேஜ் வலை 150 கிலோவுக்குச் சற்று மேலே. லைன் கம்பி 10 கேஜ், மூன்று வரிசைக்கு 12 முதல் 13 கிலோ. குழி 15 இன்ச் சதுரம், இரண்டடி ஆழம்; அடியில் மூன்று இன்ச் ஜல்லி போட்டுக் காலை நிறுத்தினால் ஒன்றே முக்கால் அடி மண்ணுக்குள் போகும், ஐந்தேகால் அடி மேலே நிற்கும். கலவை, சிமெண்ட் ஒன்றுக்கு மூன்று மணல், ஆறு ஜல்லி. ஒரு மூட்டை சிமெண்ட் மூன்று குழிக்கு வரும், முட்டுக்கால்களையும் சேர்த்துப் பதினொன்று, பன்னிரண்டு மூட்டை பிடிக்கும். இதில் ஏமாற்று நடக்கிற இடம் குழியின் ஆழம்தான். காலை நட்டு மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. குழி எடுத்ததும், கால் நிறுத்துவதற்கு முன்பு, டேப்பைப் போட்டு ஒவ்வொரு குழியையும் அளந்துவிடுங்கள். கான்கிரீட் போட்டு ஏழு நாள் தண்ணீர் ஊற்றிய பிறகே கம்பியை இழுக்க வேண்டும். இரண்டாம் நாளே இழுத்தால் கால் அசைந்து கான்கிரீட்டுக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி விழும், பிறகு அது மூடாது.

பழையதைப் பிரிக்கும் முன் ஒரு காரியம் இருக்கிறது. பல மனைகளில் அந்தப் பழைய வேலிதான் பக்கத்து மனைக்கும் நமக்கும் உள்ள எல்லை. ஒரே நாளில் எல்லாக் காலையும் பிடுங்கிவிட்டால் எல்லை காற்றோடு போய்விடும், புதுக் கால் அரை அடி நகர்ந்தாலும் தகராறு. பட்டாவையும் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) வைத்துக்கொண்டு, சந்தேகம் இருந்தால் நில அளவைக்கு மனுக் கொடுத்து அளந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு நிறுத்தி, மூலைக்கு மூலை நூல் கட்டி, போட்டோ எடுத்து வையுங்கள். நில அளவைக் கல்லை எக்காரணம் கொண்டும் அசைக்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம். மூலைக்கால்களைக் கடைசியாகப் பிடுங்குங்கள்.

கம்பி அறுக்கும்போது அவசரம் கூடாது. இழுவையில் இருக்கும் லைன் கம்பியை நேரே வெட்டினால் இரண்டு நுனியும் சாட்டை போல் சுருண்டு வந்து கண்ணில் அடிக்கும். முதலில் டர்ன்பக்கிளைத் தளர்த்துங்கள். அது துருவேறி இறுகியிருந்தால், வெட்டுகிற இடத்தின் இரு பக்கமும் ஆள் நின்று தடித்த தோல் கையுறையோடு கம்பியைப் பிடித்துக்கொள்ள, நடுவில் வெட்டுங்கள். மேலே முள்கம்பி இருந்தால் அதை முதலில் இறக்கிச் சுருட்டி ஓரமாக வைத்த பிறகுதான் வலை. வேலியை ஒட்டி மின்கம்பம் இருந்தால் அதன் ஸ்டே கம்பியில் (கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டிய கம்பி) பழைய வேலியைக் கட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கட்டியிருந்தால் தொடாமல் மின்வாரிய ஆளைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லுங்கள், புது வேலிக்கும் அந்தக் கம்பிக்கும் தொடர்பே இல்லாதபடி கால் இடத்தைத் தள்ளி வையுங்கள்.